பொன்னையா திருத்திய பன்னிரண்டு துவக்குகள்

வர்த்தகர் சங்க மலருக்கு எழுத்துக் கேட்டு வந்த பிள்ளைகள், "ஹாஜியார், உங்க வாழ்க்கையையே எழுதுங்க" என்றார்கள். அது ஒரு மலருக்குள் அடங்காது என்று சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இன்னொருவருடைய மர ஆலையில் மரத்தூள் அள்ளியவன் நான். இன்று பதுளை பசறை வீதியில் மூன்று கதவு வைத்த ஸஹாப்தீன் டிம்பர் ஸ்டோர்ஸ் யாருடையது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் சொல்லும். அந்தக் கதைக்குத் தனிப் புத்தகம் வேண்டும்.

ஆகவே இந்த முறை வேறொருவரைப் பற்றி எழுதுகிறேன். மற்றவர்கள் டொக்டரைப் பற்றியும் அதிபரைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதப் போவது பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மரவேலை செய்யும் பொன்னையாவைப் பற்றி. ஊவா மாகாணத்தில் என்னோடு வாய் கொடுத்து நிற்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அச்சில் வருவதால் "அவர்" என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொன்னால், "மொதலாளிக்குக் காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

பொன்னையா பிறந்தது அந்தத் தோட்டத்துக் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்கு விறகு பிளந்தவர். மகன் விறகில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக் கவ்வாத்துக் கத்திக்குப் பிடி செதுக்கத் தொடங்கினார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் நாள் முழுக்கக் கத்தியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். பிடி சரியில்லை என்றால் உள்ளங்கை கிழிந்துவிடும். பொன்னையாவின் பிடி கையில் இருந்தால் கை மறந்துவிடும் என்று சொல்வார்கள். பிடியிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து கோயில் வாகனம் என்று வளர்ந்தார். அவருக்கு மரம் கொடுத்தது நான். கடனுக்குக் கொடுத்தேனா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பெருமை அடிக்கிறேன் என்பார்கள்.

கை நல்ல கை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு வியாதி. திருத்தாமல் விடாது.

தோட்டத்துக் கிளாக்கர் ஒரு கதிரை கேட்டார். பொன்னையா போய் வீட்டைப் பார்த்தார். தரை ஒரு பக்கம் சரிவு. ஆகவே கதிரையின் இரண்டு காலை அரை அங்குலம் கூட்டிச் செய்து கொடுத்தார். அந்த வீட்டில் கதிரை மேசன் மட்டம் வைத்ததுபோல நின்றது. கிளாக்கருக்கு ஹல்துமுல்லைப் பக்கம் மாற்றம் வந்தது. கதிரையையும் கொண்டு போனார். அங்கே தரை நேர். உட்கார்ந்த முதல் நாளே ஆள் பக்கவாட்டில் விழுந்தார். தொலைபேசியில் கத்தினார். பொன்னையா சொன்ன பதில்: "கதிர சரிங்க சேர். வீட்டத்தான் தப்பாக் குடுத்திருக்காங்க."

மாரியம்மன் கோயிலுக்குச் சிங்க வாகனம் செய்தார். கமிட்டி கொடுத்த படத்தில் சிங்கம் வாயைத் திறந்து நாக்கை நீட்டியிருந்தது. பொன்னையா வாயை மூடிவிட்டார். கேட்டதற்கு, "அம்மனச் சொமந்துக்கிட்டு மேட்டுல ஏறுற சிங்கம் நாக்கத் தொங்கப் போட்டா, களைச்சுப் போச்சுன்னு சனம் நெனைக்காதா?" என்றார். கமிட்டி அவரோடு ஒரு திருவிழா முழுக்கப் பேசவில்லை. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து அந்தச் சிங்கத்தைப் போன் எடுத்துப் படம் பிடித்துப் போகிறார்கள்.

அவருடைய மனைவி இராக்கம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நாக்கில் கவ்வாத்துக் கத்தி வைத்திருப்பவர். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கப்பா வீட்டுக் கதவக் கழட்டிச் சரியா மாட்டிட்டுத்தாங்க போனாரு. பொண்ணப் பாத்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

லயத்துக்குப் பின்னால் பொன்னையாவின் பட்டறை. ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய தகரம், நாலு மூலைக்கு நாலு சவுக்கு மரக்கால். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான், மறு பக்கம் மண்திட்டு. அதனால் பட்டறையை நீட்டவும் முடியாது, அகட்டவும் முடியாது. நீளப் பலகை உள்ளே அடங்காது. அதற்கு அவர் ஒரு வேலை செய்தார். பின் சுவர்த் தகரத்தில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டினார். பலகையை முன்னால் இழைக்க இழைக்க அதன் வால் ஓட்டை வழியாக வெளியே போய் நிற்கும். அந்த வாலில் லயத்துக் கோழிகள் ஏறி உட்கார்ந்திருக்கும். இழைப்புளி ஓடும்போது அவை ஊஞ்சல் ஆடுவதைப் பார்க்கவே சனம் வரும்.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் துரை வந்தார். இளம் ஆள், சுத்தம் விரும்புகிறவர், தமிழ் நன்றாகப் பேசுவார். லயங்களுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டில்களையெல்லாம் மாத முடிவுக்குள் கழற்ற வேண்டும் என்று பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பொன்னையா முன்னால் போய் நின்றார். "தொரை, அது கொட்டில் இல்லிங்க. பட்டறை."

"தகரம்தானே?"

"ஸ்டோரும் தகரந்தானுங்களே தொரை. அதையும் கழட்டிருவோமா?"

பெரட்டு முழுக்கச் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. கெஞ்சிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தவணை அந்தச் சிரிப்போடு போயிற்று.

செய்தி கேட்டு நானே காரில் போனேன். "பொன்னையா, கழட்டினாக் கழட்டட்டும். என்ட மில்லுக்கு வா. கொங்கிறீட் தரை, கரண்ட் வாள், நாலு பேர் ஒனக்குக் கீழே" என்றேன். இப்படி ஒரு வாய்ப்பைப் பதுளையில் வேறு யார் கொடுப்பார்கள்?

"ஒங்க மில்லுல எனக்கு மேல நீங்க இருப்பீங்க மொதலாளி" என்றார். "என் பட்டறையில எனக்கு மேல தகரந்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். குடியிருக்கும் லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதுவும் இராக்கம்மா கொழுந்து எடுப்பதால் கிடைத்தது. பிள்ளைகள் கொழும்பில். இந்த உலகத்தில் பொன்னையா தன்னுடையது என்று சொல்லக்கூடியது நாலு கால், கொஞ்சம் தகரம், ஓர் ஓட்டை. அது போனால் மனுஷன் கதிரையில்லாத கிளாக்கர் மாதிரி ஆகிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் படக் கொம்பனி வந்தது.

இங்கிலாந்துக் கொம்பனி. கதை மலாயாக் காட்டில் நடக்கிறதாம். அங்கேயும் தேயிலை மலை உண்டாம். ஆனால் எங்கள் மலை விலைக்குச் சரி என்று இங்கே வந்தார்கள். பண்டாரவளையில் தங்கி, பொன்னையாவின் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் படம் பிடிக்கத் துரையிடம் அனுமதி எடுத்தார்கள். படத்துக்கு வேண்டிய சாமான்களைச் செய்விக்கும் பொறுப்பு ஆதிலா என்ற கொழும்புப் பிள்ளைக்கு. பதுளையில் இறங்கி மரம் வேண்டும் என்று கேட்டால் ஆட்கள் எந்தக் கடையைக் காட்டுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அங்கிள், மரத்துல பன்னிரண்டு துவக்கு செய்யணும். அச்சு அசலா இருக்கணும். ஆள் இருக்கா?"

"இங்கிலாந்திலேயே இல்லாத ஆள் ஒருவன் இருக்கிறான்" என்றேன். அப்படியே கூட்டிக்கொண்டு போனேன்.

ஆதிலா பட்டறையில் படங்களை விரித்தாள். பொன்னையா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, முன்னால இருக்க வேண்டியதெல்லாம் பின்னால போயிருக்கு?"

உண்மைதான். துப்பாக்கி ரவை வைக்கும் மெகசின், விசைக்கு முன்னால் இல்லை. விசைக்குப் பின்னால், தோளில் முட்டுக் கொடுக்கும் கட்டைக்குள் இருந்தது. மேலே தூக்குவதற்கு ஒரு பிடி, அந்தப் பிடிக்குள்ளேயே குறி பார்க்கும் கண்ணாடிக் குழாய்.

"இது ஈ.எம். டூ அங்கிள்" என்றாள் ஆதிலா. "ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்சதும் இங்கிலாந்துல, என்ஃபீல்ட்ல செஞ்சு பார்த்த மாதிரித் துவக்கு. செஞ்சதே கொஞ்சம். இப்ப மிச்சம் இருக்கிறது மியூசியத்துல. இந்தத் துவக்கு உண்மையிலேயே பட்டாளத்துக்குப் போயிருந்தா என்ன நடந்திருக்கும்? அதுதான் படத்துக் கதை."

"போகலையா?"

"போகல்ல."

"போகாதுங்க. மெகசின இப்படி வச்சா எப்படிப் போகும்?" என்றார் பொன்னையா.

அவள் சிரித்தாள். ஏன் பின்னால் வைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. டைரக்டர். சிக்னல் தேடி மேட்டில் ஏறிப் போனவள் அப்படியே வான் வண்டியில் ஏறிப் பண்டாரவளைக்குப் போய்விட்டாள்.

பொன்னையா முதலில் ஒன்றை மட்டும் படத்தில் இருந்தபடியே செய்தார். சவுக்கு மரத்தில் உடல், மேலே பிடி, அதற்குள் குழாய். அவருக்கே உரிய விதத்தில் கைப்பிடியை உள்ளங்கைக்கு இதமாகக் கடைந்திருந்தார். ஆதிலா வந்து பார்த்துக் கையில் எடுத்தாள், கன்னத்தில் வைத்தாள், கண் கலங்கியதுபோல் இருந்தது. "இதே மாதிரி மிச்சத்தையும் செய்யுங்க" என்று சொல்லிப் போனாள்.

அந்த வாரம் முழுக்கப் பொன்னையாவுக்குத் தூக்கம் இல்லை. பட்டறை போகப் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். ஆனால் என்னைக் கூப்பிட்டனுப்பியது அதற்கு இல்லை.

"மொதலாளி, அந்தப் புள்ள பாவம். யாரோ படத்தக் கம்ப்யூட்டர்ல ஒட்டுறப்ப மாத்தி ஒட்டிட்டாங்க. வெள்ளக்காரன் முன்னால கொண்டுபோய் வச்சா அவளத்தான் ஏசுவான். நாமளே சரி பண்ணிக் குடுத்துருவமா?"

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். துவக்கு எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் ஒரு மனிதனுக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. முப்பது வருடம் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, துவக்குக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள். பதுளையிலிருந்து கொழும்புப் புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போய் வருவதற்குள் எத்தனை செக் பொயின்ட், எத்தனை துவக்கு! முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயந்து துவக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தனையிலும் மெகசின் விசைக்கு முன்னால்தான் இருந்தது. பின்னால் வைத்த ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

"மாத்து" என்றேன்.

இன்றைக்கும் சொல்கிறேன், பார்வைக்கு அதுதான் அழகு. மிச்சப் பதினொன்றையும் திருத்தியே செய்தார். ஆதிலா சரி சொன்ன முதல் மாதிரியையும் விடவில்லை. அதில் மெகசினைத் தட்டிக் கழற்றி, ஓட்டையை அடைத்து, முன்னால் மாட்டினார்.

மாதக் கடைசிக்கு முந்திய நாள், எல்லாவற்றையும் படங்குச் சாக்கில் சுற்றி என் லொறியில் ஏற்றினோம். பண்டாரவளையில் வர்ணம் பூசி, மறுநாள் காலையே தோட்டத்தில் படப்பிடிப்பு. மறுநாள்தான் பட்டறைக்கும் கடைசி நாள். டைரக்டரிடம் கொடுக்கும்போது துரையிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்கலாம் என்பது பொன்னையாவின் எண்ணம். அதற்காக வெள்ளைச் சட்டை போட்டு, சாமான் பையையும் தூக்கிக்கொண்டு ஏறினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். இப்படி ஒரு சரக்கை டிரைவரை நம்பி அனுப்ப முடியாது.

வழியில் ஒரு பொலிஸ் காவலரண். மரம் ஏற்றிய லொறி என்றால் பெர்மிட் பார்ப்பது வழக்கம். ஒரு சார்ஜன் ஏறிச் சாக்கை விலக்கினார். அப்படியே பின்னால் பாய்ந்து இறங்கினார்.

"மேக்க மொகத? என்ன இது?"

"மரம் சார்ஜன், மரம்! தட்டிப் பாருங்க!" என்று கத்தினார் பொன்னையா.

தட்டிப் பார்த்தார். மரம்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் இறங்கி, நான் யார் என்பதைச் சொன்னேன். படக் கொம்பனிக்கு அனுமதி இருப்பதையும் சொல்லி, ஆதிலா தந்திருந்த அனுமதிப் பிரதியைக் காட்டினேன். அதில் துவக்கின் படமும் இருந்தது. சார்ஜன் படத்தைப் பார்த்தார். துவக்கைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"முதலாளி, அனுமதி சரி. ஆனா இந்தப் படத்துல உள்ள மரத் துவக்குக்குத்தான் அனுமதி. மெகசின் பின்னால. ஒங்கட துவக்குல மெகசின் முன்னால. இது வேற துவக்கு. இதுக்கு அனுமதி இல்ல."

"அந்தப் படம் பிழைங்க சார்ஜன்" என்றார் பொன்னையா. "நாங்க திருத்திட்டோம்."

"பாதுகாப்பு அமைச்சு சீல் வச்ச படத்த நீ திருத்தினியா பாஸ்?"

பொன்னையா என்னைப் பார்த்தார். நான் லொறியின் டயரைப் பார்த்தேன். காற்று போதுமாக இருந்தது.

போன் போட்டதும் ஆதிலா பறந்து வந்தாள். காவலரண் வராந்தாவில் வரிசையாகக் கிடந்த பன்னிரண்டையும் கண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"பொன்னையா அங்கிள்! மெகசின் எங்க?"

"இருக்க வேண்டிய எடத்துல வச்சிருக்கேம்மா. ஒன்னத் திட்டக் கூடாதுன்னுதான்."

"இது இப்ப ஈ.எம். டூ இல்ல! இது ஒண்ணுமே இல்ல! நாளைக்கு விடியப் படம் எடுக்கணும்!"

சார்ஜன் ஒரு வழி சொன்னார். படத்தில் இருப்பதுபோல் ஆக்கினால் விடுவாராம். பொன்னையாவின் பையில் வாளும் உளியும் இருந்தன. ஆனால் மனுஷன் பையைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காரணம் சொல்லுங்க. காரணம் இல்லாம எம் மரத்துல வாள் வைக்க மாட்டேன்."

"யோவ், நாளைக்கு ஒன் பட்டறை போகுது, டைரக்டர்கிட்ட முகம் குடுக்க வேணாமா?" என்று காதில் சொன்னேன்.

"பட்டறை போனாலும் பிழையாச் செஞ்சவன்னு பேரு வரக் கூடாது மொதலாளி."

ஆதிலா ஒரு துவக்கை எடுத்துத் தோளில் வைத்தாள். "அங்கிள், சாதாரணத் துவக்குல தோள்ல முட்டுற இந்தக் கட்டை எதுக்கு? வெறும் மரம். உள்ள ஒண்ணும் இல்ல. குழாய் அதுக்கு முன்னாலதான் தொடங்குது. குழாய் நீளமா வேணும்னா துவக்கும் நீளம். இதச் செஞ்சவங்க என்ன யோசிச்சாங்க? சும்மா கிடக்கிற இந்தக் கட்டைக்குள்ளேயே வெடிக்கிற இடத்தையும் மெகசினையும் வச்சா, குழாய் அதே நீளம், துவக்கு மட்டும் குட்டை."

"அது உண்மை" என்றார் சார்ஜன். "நான் மொனராகலையில இருக்கக்குள்ள எஸ்.எல்.ஆர். தூக்கினன். என்ன நீளம்! ஜீப்புல ஏறினா கதவுல இடிக்கும், இறங்கினா பெரிய சேர்ட காலுல இடிக்கும்."

பொன்னையா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். துவக்கை வாங்கிப் பின்கட்டையைத் தடவிப் பார்த்தார்.

"அதாவது… பலக நீளம். எடம் சின்னது. முன்னால நீட்ட வழியில்ல. அதனால பின்சொவத்துல ஓட்டையப் போட்டுப் பின்னால தள்ளிட்டான்."

"அதேதான் அங்கிள்!"

"இத அப்பவே சொல்லியிருந்தா நான் ஏம்மா மாத்தப் போறேன்? இதச் செஞ்சவன் நம்ம ஆளு!"

பையைத் திறந்தார். வராந்தா மரத்தூளாயிற்று. மெகசினைத் தட்டிக் கழற்றுவார், பின்கட்டையில் புதிதாக வெட்டுவார், முளை வைத்து இறுக்குவார். சார்ஜன் படத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். ஒன்றைச் சாய்வு என்று திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க பொலிஸா, டைரக்டரா?" என்று பொன்னையா எகிறினார். ஆனால் மட்டம் வைத்துப் பார்த்தபோது சாய்வுதான். பேசாமல் திருத்தினார்.

வேலை நடக்கும்போது ஆதிலா மிச்சக் கதையைச் சொன்னாள். அந்தத் துவக்கு சின்ன ரவைக்கு அளந்து செய்தது. அதிர்வு குறைவு, குறி தவறாது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தோராம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் இதைத்தான் எடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டது. ஒன்பதாம் இலக்க றைபிள் என்று பெயரும் வைத்தாயிற்று. பிறகு ஆட்சி மாறியது. கூட்டாளி நாடுகள் எல்லாம் ஒரே ரவை பாவிக்க வேண்டும் என்று பேச்சு. அமெரிக்கா தன் பெரிய ரவையை விடமாட்டேன் என்றது. சின்ன ரவை போனது, அதோடு துவக்கும் போனது. வேறு நாட்டுத் துவக்கை எடுத்தார்கள். சார்ஜனின் ஜீப்பில் இடித்தது அந்த வம்சம்தான்.

"கதவ அளந்து செஞ்சு முடிச்சப்பறம் நெலைய மாத்துனானுங்களா?" பொன்னையா உளியை நிறுத்திவிட்டார். "கேக்க ஆளில்லையா அங்க?"

"பல வருஷம் கழிச்சு அவங்களே மறுபடி மெகசின் பின்னால வச்ச துவக்கத்தான் எடுத்தாங்க. அது வேற மாதிரி, ஆனா யோசனை இதேதான்."

"செஞ்சவனக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாங்களா?"

ஆதிலாவுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாவதையும் பார்த்து முடித்துச் சார்ஜன் தலையாட்டினார். ஆனால் பண்டாரவளைக்குப் போக நேரம் இல்லை. வர்ணத்தை எடுத்துக்கொண்டு ஆதிலாவின் ஆட்கள் நேரே தோட்டத்துக்கு வந்தார்கள். மழைக்காற்று. காயப் போடக் காய்ந்த இடம் என்று சொல்லப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் பொன்னையாவின் பட்டறை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை. வெளியே முகில் இறங்கியிருந்தது. பட்டறைக்குள் பன்னிரண்டு துவக்கும் சுவரோடு சுவராகக் கறுப்பும் மரநிறமுமாகச் சாய்ந்து நின்றன. நடுவில் ஒரு நீளப் பலகை, அதன் வால் வெளியே, வாலில் மூன்று கோழிகள். துவக்கைப் பார்க்க டைரக்டர் குனிந்து உள்ளே வந்தார். அதே நேரம் அந்தப் பக்கத்தால் துரை வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், கையில் தகரம் பிடுங்க அலவாங்கு.

டைரக்டர் துவக்கைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் கத்தத் தொடங்கினார். எனக்கு இங்கிலீஷ் எவ்வளவு வரும் என்பது பதுளைக்குத் தெரியும். இருந்தாலும் ஆதிலாவே சொன்னாள்: "இதுதான் ஆயுதக் களஞ்சியமாம்! கதையில வர்ற களஞ்சியம் இதேதானாம்! இதுக்குள்ள எடுக்கணுமாம்!"

டைரக்டர் துரையிடம் திரும்பி, இது யாருடைய கட்டடம் என்று கேட்டார். துரை ஒரு கணம் அலவாங்கைப் பார்த்தார். கழுத்துப் பட்டியைச் சரி செய்தார். இது எங்கள் தோட்டத்தின் பழைய பட்டறை, மிகவும் கவனமாகப் பராமரிக்கிறோம் என்றார்.

கூடையோடு நின்ற இராக்கம்மா சத்தமாகவே சொன்னார்: "அடேயப்பா! நேத்து வரைக்கும் கொட்டிலு. ராவோட ராவா வயசுக்கு வந்திருச்சு!"

டைரக்டர் துரையை மேலும் கீழும் பார்த்தார். உயரம், மீசை, நிமிர்ந்த நடை. படத்தில் ஒரு கப்டன் வருகிறாராம், களஞ்சியத்துக்குள் போய்த் துவக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு கட்டளை கொடுக்க வேண்டுமாம். நடிப்பாரா? துரை வெட்கப்பட்டார். பெரட்டில் இத்தனை பேர் பார்க்க, துரை வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தோம். அலவாங்கு ஆட்களைக் கையசைத்து அனுப்பினார்.

உடுப்பு மாட்டியதும் ஆளே மாறிவிட்டார். துவக்கை எடுத்து இடது தோளில் வைத்துக் குறி பார்த்தார். ஆதிலா ஓடினாள். "சேர், வலது! இது இடது கைக்காரருக்கு ஆகாது! மெகசின் பின்னால இருக்கிறதால வெடிச்ச ரவையோட வெற்றுக் கோது உங்க கன்னத்துலதான் தெறிக்கும்!"

"மரத் துவக்குல என்ன கோது?" என்றார் துரை.

"அச்சு அசலுங்க தொரை" என்றார் பொன்னையா. "திருத்தக் கூடாது."

என் காதையே நம்ப முடியவில்லை.

கப்டன் உள்ளே போவது, துவக்கை எடுப்பது, தடவிப் பார்ப்பது எல்லாம் நன்றாக எடுத்தார்கள். வெளியே வந்து கட்டளை கொடுக்க வேண்டிய நேரத்தில் மழை கொட்டியது. நாள் முழுக்கக் கொட்டியது. நமுனுகுல மலையே தெரியவில்லை. கொம்பனி வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்து வந்து மிச்சத்தை எடுப்போம், அதுவரை பட்டறையில் ஒரு தூசியும் மாறக் கூடாது, மாறினால் படத்தில் இரண்டும் ஒட்டாது என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். துரை கையடித்துச் சத்தியம் செய்யாத குறை.

அது முடிந்து ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. கொம்பனி வரவில்லை. காசு போட்டவர்களுக்குள் பிரச்சினை, படம் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை என்று ஆதிலா சொல்கிறாள். துரை நம்பிக்கையை விடவில்லை. மீசையைக்கூட அன்றிருந்த அளவிலேயே வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை போனோடு பட்டறைக்கு வந்து, அன்று எடுத்த படத்தோடு ஒவ்வொரு தகரமாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

சென்ற மாதம் போயிருந்தேன். வெளியே மழை. உள்ளேயும் மழை. பொன்னையா பலகைக்கு மேலே ஒரு குடையைக் கட்டி வைத்து, தான் நனைந்துகொண்டு இழைத்துக்கொண்டிருந்தார்.

"தகரத்த மாத்தினா என்ன?" என்றேன்.

"தொட விடமாட்டேங்கிறாரு மொதலாளி. போன வாரம் ஒரு ஆணி அடிச்சேன். படத்தக் காட்டி, இந்த ஆணி அன்னிக்கு இல்லைன்னு புடுங்க வச்சிட்டாரு. ஓட்டைக்குப் பக்கத்துல தகரம் கோணலாத்தான் வெட்டியிருக்கேன், அதையாச்சும் நேராக்க விடுங்கன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு."

"போய்ச் சண்டை போடு. ஒனக்கா வாயில்ல?"

"கழட்டச் சொன்ன ஆளோட சண்ட போடலாம்" என்றார் பொன்னையா. "காப்பாத்துற ஆளோட என்னன்னு மொதலாளி சண்ட போடுறது?"

லயக்காம்பராவிலிருந்து இராக்கம்மாவின் குரல் வந்தது: "இத்தன வருசத்துல இந்த மனுசன் ஒரு பொருளத் திருத்தாம விட்டிருக்காருன்னா அது இதாங்க. அந்தத் தொரைக்குத்தான் கோயில் கட்டணும்."

நான் என் மில்லை மறுபடி ஞாபகப்படுத்தினேன். கொங்கிறீட் தரை, ஒழுகாத கூரை, கரண்ட் வாள். இந்த வாய்ப்பை இரண்டாவது முறையாக நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

பொன்னையா கூரையை அண்ணாந்து பார்த்தார். குடையைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினார்.

"தள்ளி நில்லுங்க மொதலாளி. நீங்க நிக்கிற எடத்துலதான் அடுத்தது விழும்."

விழுந்தது. தொப்பியைக் கழற்றித் துடைத்தேன். அவர் இழைப்புளியை எடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். பலகை ஓட்டை வழியாகப் பின்னால் போயிற்று. வெளியே கோழி கத்தியது.